நீ கையெழுத்துப் போடாத மன்னிப்புக் கடிதம்

குமார்,

நீ இந்த வீட்டை விட்டுப் போய் ஒன்பது நாட்கள் ஆகின்றன. க்யிம்யிண்டைங் இதே நகரத்தின் இன்னொரு பகுதிதான், தூரதேசம் இல்லை. பஸ் கிடைத்தால் முக்கால் மணி நேரம். ஆனாலும் உன் அம்மா காலையில் மூன்று தம்ளர் எடுத்து வைத்துவிட்டு, ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைக்கிறாள். நான் அதைப் பார்க்காதவன்போல் பேப்பரைப் பிரித்துக்கொள்கிறேன். முப்பத்தைந்து வருடமாக அலுவலக வாசலில், நடைபாதையில், தட்டச்சுப் பொறியை மடியளவு மேசையில் வைத்துக்கொண்டு ஊர்பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்தவன் நான். வீட்டுத் தகராறா, தொலைந்துபோன அடையாள அட்டையா, வேலையைத் திரும்பக் கேட்கும் கெஞ்சலா, எல்லாம் என் விரல் வழியாகத்தான் போகும். அப்படிப்பட்டவனுக்கு உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வராத விஷயங்கள் சில இருக்கின்றன. அதனால் எழுதுகிறேன். எழுத்துக் கூட்டிப் படிக்க உனக்கு நேரமாகும் என்பதால், முடித்ததும் நானே வாசித்துப் போனில் பதிவு செய்து அனுப்புவேன். வேண்டிய இடத்தில் நிறுத்திக்கொள். மறுபடி கேட்க வேண்டுமென்றால் கேள். அவசரம் ஒன்றும் இல்லை.

மூன்று வயது முடிந்தும் நீ பேசவில்லை. உன்னை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம். வயதானவர், நல்லவர். உன்னைத் தன் மேசைமேல் உட்கார வைத்து, ரொம்ப நேரம் விளையாட்டுக் காட்டிவிட்டு, "இவனுக்குக் கற்றுக்கொள்வதும் புரிந்துகொள்வதும் மெதுவாகத்தான் வரும். ஆனால் வரும்" என்றார். அந்தப் பேச்சில் பின்பாதியை நான் காதில் வாங்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியிலேயே தீர்மானம் செய்துவிட்டேன், இந்தப் பிள்ளைக்கு வாய் நான்தான் என்று. கோயிலில் யாராவது குனிந்து, "உன் பேர் என்ன தம்பி?" என்று கேட்பார்கள். நீ உதட்டைக் குவித்துக் கொஞ்சம் மேலே பார்ப்பாய். அந்தப் பெயர் உன் வாய்வரை வந்துகொண்டிருக்கிறது என்று இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை. "குமார்" என்று நான் சொல்லிவிடுவேன். நீ உதட்டை மூடிக்கொள்வாய். அப்படி எத்தனை தடவை உன் பெயரை உன் வாயிலிருந்து பிடுங்கியிருப்பேனோ.

உனக்குப் பதினொரு வயதில் நடந்ததை நீ ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. நான்தான் சொல்ல வேண்டும். மூன்று நாளாகக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாய். பல்வலி என்று முடிவு செய்து பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அந்த அம்மாள் உன் வாயைப் பார்த்துவிட்டுச் சந்தேகத்தோடு, "எங்கே வலிக்குதுன்னு நீயே காட்டு" என்று உன்னிடம்தான் கேட்டார். நீ கையைத் தூக்கினாய். கை கன்னத்தைத் தாண்டி மேலே போய்க்கொண்டிருந்தது. நான் பொறுக்காமல் உன் கையைப் பிடித்து இறக்கி, "கடைவாய்ப் பல்தான் டாக்டர், மூணு நாளா அழுவுறான், எடுத்துடுங்க" என்றேன். அவர் மறுபடியும் தயங்கினார். நான் வற்புறுத்தினேன். நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். மறுநாள் உன் தலையணை முழுக்கச் சீழ். காது. உனக்குக் காதில்தான் வலி. உன் அம்மா அந்தத் தலையணை உறையைத் துவைத்துக்கொண்டே, "அவன் கையை ஏன் புடிச்சீங்க?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள்.

அதற்கும் முன்னால் இன்னொன்று. பள்ளிக்கூடத்தில் சேர்த்த புதிதில், இவனுக்கு ஒரு மொழியே சிரமம், வீட்டில் தமிழை நிறுத்திவிடுங்கள், பர்மியம் மட்டும் பேசுங்கள் என்று சொன்னார்கள். நல்லதற்குத்தான் சொன்னார்கள். நாங்களும் நல்லதற்குத்தான் கேட்டோம். இரண்டு வருடம் இந்த வீட்டில் தமிழ் இல்லை. உன் அம்மாவும் நானும் சண்டை போடுவதைக்கூடப் பர்மியத்தில் போட்டோம், சரியாக வரவில்லை. ஒருநாள் சாயங்காலம் சோற்றைப் பிசைந்துகொண்டே நீ சொன்னாய், அதுவும் தமிழில்: "அப்பா பர்மியத்துல சிரிக்க மாட்டாரு. தமிழ்லதான் சிரிப்பாரு." உன் அம்மா சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். உனக்கு யார் அந்த இரண்டு வருடமும் தமிழைக் காப்பாற்றி வைத்தார்கள் என்று எங்களுக்கு விளங்கவில்லை. நாங்கள் பேசவில்லை, ஆனால் நீ எங்களைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறாய். அன்று முதல் வீட்டில் தமிழ் திரும்பியது. இந்தக் கடிதம் தமிழில் இருப்பதற்கும் அதுதான் காரணம். இந்த மொழியில்தான் எனக்குச் சிரிக்கவும் வரும், அழவும் வரும்.

உனக்கு இருபத்தொன்று நடக்கும்போது மா நிலார் என்ற பெண் முதல்முறையாக நம் வீட்டுக்கு வந்தாள். உன்னைப்போலவே கற்றுக்கொள்ள நேரமெடுக்கும் தம்பி ஒருவன் அவளுக்கு இருக்கிறான். அவனுக்காக ஆரம்பித்து, சனிக்கிழமைகளில் பத்துப் பன்னிரண்டு பேரைக் கூட்டி வைத்திருந்தாள். "அவங்க அவங்களே பேசிப் பழகுற இடம், சயா" என்றாள். எழுதிக் கொடுப்பவன் என்பதால் ஊரில் எல்லோரும் என்னை மரியாதையாக 'சயா' என்றுதான் கூப்பிடுவார்கள். நான் சிரித்தேன். "இவனுக்கு என்னம்மா பேசத் தெரியும்? என்ன வேணும்னு என்கிட்ட கேளு, நான் எழுதித் தர்றேன்" என்றேன். அவள் வாதாடவில்லை. உன் பக்கம் திரும்பி, "வர்றியா?" என்றாள். நீ அந்த நிமிடமே எழுந்து சட்டை மாற்றப் போய்விட்டாய்.

முதல் சனிக்கிழமை உன்னைத் தனியே விட மனமில்லாமல் கூடவே வந்து, அந்தக் கூடத்துக்கு வெளியே பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் திறந்திருந்தது. பிடிக்காத விஷயம் ஒன்றை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும் என்று உள்ளே கேட்டார்கள். ஒருத்தி, பஸ்ஸில் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறவர்களைச் சொன்னாள். ஒருவன் பாகற்காய் என்றான். பிறகு ரொம்ப நேரம் சத்தமே இல்லை. உன் முறை வந்திருக்கிறது என்று புரிந்துகொண்டேன். எழுந்து உள்ளே போய் ஏதாவது சொல்லிவிடலாமா என்று கால் துறுதுறுத்தது. அப்போதுதான் உன் குரல் வந்தது. "என்கிட்ட கேட்டா எங்கப்பா பேசுறாரு. அது பிடிக்கல." யாரும் சிரிக்கவில்லை. யாரும் என்னைத் திட்டவும் இல்லை. மா நிலார், "சரி, எழுதி வச்சுக்கறேன்" என்று மட்டும் சொன்னாள். முக்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம், வெளியாட்கள் நடுவில் நீ இவ்வளவு பேசி நான் இதற்குமுன் கேட்டதே இல்லையே என்று உறைத்தது.

ஆனாலும் நான் திருந்தவில்லை. அதை மறைக்கக் கூடாது. நான்கு வருடம் கழித்து, ஓட்டலின் சலவைப் பிரிவில் நீ இஸ்திரி போடும் வேலையில் இருந்தபோது, அந்தப் பட்டு விவகாரம் வந்தது. கல்யாணத்துக்கு வந்து தங்கியிருந்த ஓர் அம்மாள் இடுப்பில் உடுத்தும் பட்டு லுங்கி. அலை அலையாக நெய்த விலை உயர்ந்த பட்டு. அதன் நடுவில் இஸ்திரிப் பெட்டி வடிவில் கருகல். மேற்பார்வை பார்க்கும் ஊ டின் என்னை நடைபாதைக்கே தேடிக்கொண்டு வந்தார். "உங்க மகன்தான் சயா. வேற யாரு? மன்னிப்புக் கடிதம் ஒண்ணு எழுதிக் கையெழுத்து வாங்கிக் குடுத்துடுங்க. வேலை போகாம நான் பார்த்துக்கறேன். நீங்க எழுதுனா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, குமார். மன்னிப்புக் கடிதம் எழுதுவதில் எனக்குப் பேர் உண்டு.

அன்று சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். என் வாழ்நாளில் அவ்வளவு உருக்கமாக எதையும் எழுதியதில்லை. 'புத்தி குறைவான என் மகன், தான் செய்வது என்னவென்று அறியாமல் செய்துவிட்ட பிழை' என்று ஆரம்பித்து, ஓட்டலின் கருணையையும் என் வயதையும் உன் அம்மாவின் உடல்நிலையையும் சேர்த்து, கடைசியில் இனி இப்படி நடக்காது என்று முடித்தேன். நான் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதியதை உன் அம்மா வாசலில் நின்று கேட்டுவிட்டு, "அவன்தான் கருக்கினானான்னு அவன்கிட்ட கேட்டீங்களா?" என்றாள். "கேட்டு என்ன ஆவப்போவுது? வேலை நெலைக்கணும்" என்றேன். உன்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து முழுவதையும் வாசித்துக் காட்டினேன். பேனாவை நீட்டினேன். நீ வாங்கவில்லை.

"அது நான் இல்லே" என்றாய்.

"எது நீ இல்லே? கருக்குனதா?"

"அதுவும் நான் இல்லே. அந்தக் கடிதத்துல இருக்கிறவனும் நான் இல்லே."

நீ அதைக் கோபமாகச் சொல்லவில்லை. யாரோ வேறொருவருடைய சட்டையைத் தந்ததுபோல, இது என்னுடையது இல்லை என்று திருப்பிக் கொடுத்தாய், அவ்வளவுதான். நான் விடவில்லை. வேலை போய்விடும் என்றேன். போனால் போகட்டும் என்று நீ சொல்லவில்லை. வேலை பிடிக்கும், வேலை வேண்டும் என்றாய். பின்னே என்ன செய்யப் போகிறாய் என்றேன். "நான் பேசுறேன். நீங்களும் வாங்க. பக்கத்துல உக்காருங்க. ஆனா பேசக் கூடாது." உன் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து மேலாளர் டோ கின்னின் அறையில் உட்கார்ந்தோம். ஊ டின் சுவரோரமாக நின்றார். கரண்ட் போயிருந்தது, ஜன்னலுக்கு வெளியே ஜெனரேட்டர் அதிர்ந்துகொண்டிருந்தது. டோ கின் மரியாதையான அம்மாள். உன்னை ஒருமுறை பார்த்துப் புன்னகை செய்துவிட்டு என்னிடம் திரும்பினார். "சயா, அவருக்கு நடந்தது ஞாபகம் இருக்கா? எந்தச் சூட்டுல போட்டாருன்னு அவருக்குத் தெரியுமா?" உனக்கு அடுத்த நாற்காலியில்தான் நான் இருந்தேன். பதில் என் நாக்கின் நுனியில் இருந்தது. இருபத்திரண்டு வருடப் பழக்கம். பல்லைக் கடித்துக்கொண்டு உன்னைப் பார்த்தேன். அந்த அம்மாள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நேரம் போனது.

"என்கிட்ட கேளுங்க" என்றாய். பர்மியத்தில்தான் பேசினாய், எனக்கு அது தமிழில்தான் நினைவிருக்கிறது. "மெதுவா கேளுங்க. ஒண்ணு ஒண்ணா கேளுங்க. வெளியில சத்தமா இருக்கு. ஜன்னலைச் சாத்தலாமா?"

டோ கின் எழுந்துபோய்த் தானே ஜன்னலைச் சாத்தினார். அத்தனை பேரை வேலை வாங்குகிற அம்மாள். திரும்பி வந்து, நாற்காலியை உன் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டு, "அந்தப் பட்டுக்கு நீங்களா இஸ்திரி போட்டீங்க?" என்றார்.

"இல்லே. நான் பட்டு போட மாட்டேன். பருத்தி போடுவேன். படுக்கை விரிப்பு, தலையணை உறை, சட்டை. பட்டெல்லாம் ஜன்னலோர மேசைக்குப் போவும்."

"அன்னைக்கு யாராவது உங்ககிட்ட குடுத்திருக்கலாம் இல்லையா?"

நீ யோசித்தாய். அவசரப்படவில்லை. "அந்தத் துணி இங்க இருக்கா? கொண்டு வாங்க" என்றாய்.

கொண்டு வந்தார்கள். நீ அதைத் தொட அனுமதி கேட்டாய். விரித்து, கருகலின்மேல் விரல் வைத்தாய். "என் பெட்டி நீராவி இஸ்திரிப்பெட்டி. அடியில ஓட்டை ஓட்டையா இருக்கும். கருக்கினா ஓட்டை இருக்கிற எடமெல்லாம் கருகாம புள்ளி புள்ளியா தெரியும். இதுல புள்ளி இல்லே. வழவழன்னு இருக்கு. இது என் பெட்டி இல்லே." அறையில் எல்லோரும் குனிந்து பார்த்தோம். புள்ளி இல்லை. மன்னிப்புக் கடிதத்தில் அத்தனை அலங்காரம் செய்த நான் அந்தத் துணியை ஒருமுறைகூடப் பார்க்க வேண்டும் என்று நினைக்கவில்லை.

"அப்ப யாரு பண்ணது?" என்றார் டோ கின்.

"நான் பார்க்கல. பார்க்காததைச் சொல்ல மாட்டேன்." பிறகு நீயாகவே தொடர்ந்தாய். "போன வருஷம் ரெண்டு ரூம் சட்டையை மாத்தி வச்சேன். அது நான் பண்ணது. அன்னைக்கே சொன்னேன். இது நான் பண்ணல." ஊ டின் தரையைப் பார்த்தார். அந்தச் சட்டை விஷயத்தைச் சொல்லாமல் விட்டிருக்கலாமே என்று எனக்குப் பதறியது. நானாக இருந்தால் மறைத்திருப்பேன்; எந்த மனுவிலும் பாதகமான விஷயத்தை நான் எழுதியதே இல்லை. ஆனால் நீ அதைச் சொன்ன பிறகுதான் டோ கின்னின் முகம் மாறியது. நீ சொன்ன மற்றதையும் அவர் முழுசாக நம்பினார்.

அவர் துணியை மடித்து வைத்துவிட்டு, பழக்கதோஷத்தில் என்னிடம் திரும்பி, "மன்னிக்கணும் சயா" என்றார். நீ உடனே, மெல்லிய குரலில், "என்கிட்ட" என்றாய். அந்த அம்மாளுக்குக் காது சிவந்துவிட்டது. ஒரு விநாடி சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டு, உன்னை நேராகப் பார்த்து, "மன்னிக்கணும், கோ குமார்" என்றார். வளர்ந்த ஆண்களை மரியாதையாகக் கூப்பிடும் அந்தக் 'கோ'வை உன் பெயருக்கு முன்னால் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். நீ "சரி" என்றாய். அதோடு நின்றாயா? "வேலைப் பட்டியலை எழுத்துல ஒட்டுறீங்க. எனக்கு நேரமாவுது. படம் போட்டு ஒட்டுங்க" என்று அதையும் கேட்டுவிட்டுத்தான் எழுந்தாய்.

முந்தாநாள் இந்த இடத்தை மட்டும் உனக்குப் போனில் வாசித்துக் காட்டினேன், நினைவிருக்கிறதா? 'என் மகன் அந்த அறையில் கொஞ்சமும் பயமில்லாமல் உட்கார்ந்திருந்தான்' என்று எழுதியிருந்தேன். நீ வாசிப்பை நிறுத்தச் சொன்னாய். "அது தப்பு அப்பா. நான் பயந்தேன். மேசைக்கு அடியில கால் ஆடிச்சு. நீங்க பார்க்கல." மாற்றிவிடட்டுமா என்று கேட்டேன். "மாத்துங்க. பயந்தேன்னு எழுதுங்க. அப்புறம் வேற அப்பா அம்மாங்களுக்கும் படிக்கக் குடுங்க" என்றாய். மாற்றிவிட்டேன். என் மகன் பயந்தான். கால் ஆட ஆடப் பேசினான். இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிப்பது அவன் சம்மதத்தோடுதான்.

அதன் பிறகு எல்லாம் இனிப்பாகப் போகவில்லை. படம் போட்ட பட்டியல் சுவரில் ஏறியது. எழுத்து சரியாகத் தெரியாத இன்னும் நாலைந்து பேர் அதைப் பார்த்தே வேலை செய்தார்கள். ஆனால் ஊ டின் உன்னோடு பேசுவதை நிறுத்தினார். மதியச் சாப்பாட்டில் உன் பக்கத்து இடம் காலியாகவே இருந்தது. ஏழு மாதம் பொறுத்துவிட்டு, நீயே க்யிம்யிண்டைங்கில் வேறு சலவைக்கடை பார்த்துக்கொண்டு மாறினாய். உண்மையைச் சொன்னதற்கு உனக்குக் கிடைத்தது அதுவும்தான். அதை அழகுபடுத்தி எழுத எனக்கு மனமில்லை.

போன மழைக்காலத்தில் எனக்கு வந்தது உனக்குத் தெரியும். ஆனால் உள்ளேயிருந்து அது எப்படி இருந்தது என்று உனக்கு நான் சொன்னதில்லை. பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த எட்டு நாளும் என்னைச் சுற்றி நடந்த எல்லாமே எனக்குப் புரிந்தது. வாய்தான் வரவில்லை. சொல் உள்ளே முழுசாக இருக்கும். நாக்குவரை வந்து கலைந்துவிடும். வருகிறவர்களெல்லாம் என் கட்டிலுக்கு மேலே, குறுக்கும் நெடுக்குமாகப் பேசிக்கொண்டார்கள். "தூங்கினாரா?" "பாவம், ஒண்ணும் தெரியல போல." நான் அவர்களுக்கு நடுவில் கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தேன். மூன்றாம் நாள் டாக்டர் வந்து உன்னிடம், "அப்பாவுக்கு என்ன தொந்தரவு? காலையிலேர்ந்து முரண்டு பண்றாராமே" என்று கேட்டார். நீ, "அவர்கிட்ட கேளுங்க. நேரமாவும். காத்திருங்க" என்றாய். டாக்டருக்கு வேறு நோயாளிகள் இருந்தார்கள். நீ அசையவில்லை. கட்டிலருகே மண்டிபோட்டு, என் கண்ணுக்கு நேரே உன் முகத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தாய். என்ன சொல்ல வருகிறேன் என்று ஊகித்து ஒரு சொல்கூட நீ எடுத்துக் கொடுக்கவில்லை. எவ்வளவு நேரம் ஆனதென்று தெரியாது. "ச... ட்டை" என்றேன். சட்டை. நர்ஸ் பெண்கள் போகவர, வெறும் மார்போடு கிடக்கக் கூச்சமாக இருந்தது. வேறு ஒன்றுமே இல்லை. நீ பையிலிருந்து சட்டையை எடுத்து, மருந்துக் குழாய் மாட்டிய கையை மெல்ல நுழைத்து, பொத்தான் போட்டுவிட்டாய். அன்று நான் அழுதது நோயால் என்று உன் அம்மா நினைத்துக்கொண்டாள்.

உனக்கு அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் அப்பன் என்று ஒருவன் இருந்தால் ஏதாவது சொல்லாமல் இருக்க முடியாது. விளங்காத எதிலும் கையெழுத்துப் போடாதே. நான் எழுதியதாக இருந்தாலும் போடாதே. உன்னைத் தெய்வக் குழந்தை என்று புகழ்கிறவர்களிடம் கொஞ்சம் கவனமாக இரு. அவர்களும் உன்னிடம் எதையும் கேட்க மாட்டார்கள். தப்புச் செய்தால், அந்தச் சட்டை விஷயத்தைச் சொன்ன மாதிரியே சொல்லிவிடு. அப்புறம், இது முக்கியம்: போன மாதம் த்வாண்டே ஊரில் உங்கள் சனிக்கிழமைக் குழு பெற்றோர்களைக் கூட்டிப் பேசியபோது நானும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பதினாலு வயசுப் பெண் ஒருத்தி, எதைக் கேட்டாலும் அவளுடைய அம்மாவே பதில் சொன்னாள். உனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து, "அவளுக்கு நீங்க பேசுறது பிடிக்கல" என்று அந்த அம்மாவிடம் சொன்னாய். அந்தப் பெண் உன்னை முறைத்தாள், கவனித்தாயா? "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்றாள். கூட்டம் சிரித்தது. நீ சிரிக்கவில்லை. "ஆமா. நான் உனக்குப் பதிலா பேசிட்டேன். மன்னிச்சுக்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாய். எனக்கு இருபது வருடத்துக்கு மேல் பிடித்ததை நீ ஒரு நிமிடத்தில் செய்தாய். ஆனாலும் சொல்கிறேன், நாலு பேர் உன் பேச்சைக் கேட்கத் தொடங்கிவிட்டால் இந்த வியாதி மறுபடி மறுபடி வரும். என் மகன் நீ. ஜாக்கிரதையாக இரு.

நீ கிளம்பிய ஞாயிற்றுக்கிழமை காலையை எழுதி முடித்துக்கொள்கிறேன். உன்னோடு வீடு எடுத்த இரண்டு நண்பர்களும் முன்னாடியே போய்விட்டார்கள். உன் அம்மா படுக்கை, சோறாக்கும் பானை, ஊறுகாய் எல்லாவற்றையும் கட்டி வைத்துவிட்டு அடுப்படியில் போய் நின்றுகொண்டாள். நீ அங்கே போய், "அழுங்க அம்மா. அழுதா தப்பில்லே. ஆனா நான் போறேன்" என்றாய். அவள் உன் தலையைப் பிடித்து முகர்ந்து பார்த்துவிட்டு விட்டாள். நான் வழக்கம்போல, கீழே போய்ச் சைக்கிள் ரிக்‌ஷாக்காரரிடம் விலாசம் சொல்லி, பத்திரமாகக் கூட்டிப்போகச் சொல்லலாம் என்று செருப்பை மாட்டினேன். "அப்பா, மேலேயே நில்லுங்க" என்றாய். நின்றேன்.

பால்கனிக்கு வந்து எட்டிப் பார்த்தோம். மூன்று மாடிக்குக் கீழே, மூட்டைகளோடு நீ தெருவைக் கடந்தாய். ரிக்‌ஷாக்காரர் முதலில் தலையை ஆட்டி மறுத்தார். மூட்டை அதிகம் என்றாரோ, தூரம் என்றாரோ. நீ அவரிடம் ஏதோ சொன்னாய். அவர் உன்னைப் பார்த்தார். நீ இன்னும் ஏதோ சொன்னாய், மெதுவாக, கையை அசைத்து. அந்த மனிதர் கடகடவென்று சிரித்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தார். நீயும் சிரித்தாய். பிறகு அவரே இறங்கி உன் மூட்டைகளைத் தூக்கி வைத்தார்.

"என்ன சொன்னான்? அப்படி என்ன சொல்லிட்டான்?" என்று உன் அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"தெரியலே" என்றேன்.

உண்மையாகவே தெரியாது, குமார். அது உனக்கும் அவருக்கும் நடுவில் நடந்த பேச்சு. வண்டி மீன்கடையைத் தாண்டி வளைந்து போகும்வரை நாங்கள் இருவரும் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நீ என்ன சொன்னாய் என்று நான் கேட்கப் போவதில்லை.

அப்பா